கொட்டகையைக் கூட்டுகிறவரின் மூச்சு: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி வட்டாரங்களில் கால்நடை ஆய்வாளராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி, கோழிக்குக் கழிச்சல் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம் என்று நான் ஏறி இறங்காத கொட்டகை அந்தப் பக்கத்தில் அதிகம் இருக்காது. அந்தக் கொட்டகைகளைக் கூட்டி, வழித்து, கழுவிச் சுத்தம் செய்கிறவர்களின் நுரையீரலைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். பணியில் இருந்த காலத்திலேயே எழுதியிருக்க வேண்டியது. எழுதாமல் விட்டது என் தவறு என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். வேப்பூர் பக்கம் ஐயாயிரம் கறிக்கோழி வளரும் ஒரு கொட்டகையில் பேட்ச் முடிந்து, கோழிகளை வண்டி ஏற்றி அனுப்பியாகிவிட்டது. அடுத்த குஞ்சு இறங்குவதற்குள் தரையில் கிடக்கும் கூளத்தை அள்ளி மூட்டை பிடித்து, தரையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். நான்கு பெண்களும் இரண்டு ஆண்களும் காலையில் உள்ளே இறங்கினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்ததால், இடையில் ஒருவரும் வெளியே வந்து நிற்கவில்லை. பத்தடி தள்ளி நிற்பவரின் முகம் தெரியாத அளவுக்குப் புழுதி. பெண்கள் முந்தானையையும் ஆண்கள் துண்டையும் மூக்கில் கட்டியிருந்தார்கள். அன்று இரவு ஆறு பேருக்கும் குளிர்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலி, வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். ஊரில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாளில் தானாகவே தணிந்துவிட்டது. அதற்கு மறுநாள் வேறு வேலையாக நான் அங்கே போனபோது, பண்ணைக்காரர் இதைச் சொல்லிவிட்டு, ‘எரு அள்ளினா ஒரு நாள் படுக்கத்தான் சார் செய்வாங்க, எல்லாருக்கும் பழகிப்போச்சு’ என்றார். அவர் ஈவிரக்கம் இல்லாதவர் அல்லர். ஆள் கிடைக்காத நாளில் தானும் மனைவியுமாக எரு அள்ளி, அதே போல் படுத்து எழுந்தவர்தான்.

அவர்கள் பழகிப்போனதாக நினைத்த அந்தக் காய்ச்சலுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. கரிமத் தூசியால், அதாவது எரு, உமி, வைக்கோல் போன்ற உயிர்ப்பொருள்களிலிருந்து எழும் தூசியால் வரும் நச்சுக் காய்ச்சல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தூசி மிகுந்த இடத்தில் வேலை செய்து நான்கு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் இருமலும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மார்பு எக்ஸ்ரே எடுத்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. கிருமித்தொற்றாக இருந்தால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நாள் தள்ளிப் பரவும். இதில் சேர்ந்து வேலை செய்த எல்லோரும் ஒரே இரவில் விழுகிறார்கள். அந்த ஒரு குறிப்பை வைத்தே இதை அடையாளம் கண்டுவிடலாம், கேட்கிறவர் மட்டும் ‘இன்று என்ன வேலைக்குப் போனீர்கள்’ என்று கேட்டால்.

யாரும் கேட்கவில்லை. அந்த நான்கு பெண்களில் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோழி எரு அள்ளுவது, ஆட்டுப்பட்டி கூட்டுவது, மாட்டுக் கொட்டகையில் சாணம் வழிப்பது என்று வருடம் முழுவதும் இதே வேலை செய்தவர். பிறகு பார்த்தபோது பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனார். காசநோயாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு இரண்டு முறை சளி எடுத்துப் பார்த்து, இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு மருத்துவமனையில் கொடுத்த சீட்டை என்னிடம் காட்டினார். அதில் தொழில் என்று அச்சிட்டிருந்த இடத்துக்கு எதிரே ‘கூலி’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஆட்சியர் அவர்களே, அந்த ஒரு சொல்லுக்குள் இருபது ஆண்டுத் தூசி மறைந்து போயிருந்தது. கரும்பு வெட்டுவதும் கூலி, சாலை போடுவதும் கூலி, எரு அள்ளுவதும் கூலி என்றால் மருத்துவர் எதை வைத்துக் காரணத்தைத் தேடுவார்?

கொட்டகைத் தூசி என்பது மண்புழுதி போன்றதன்று. ஆழ்கூளக் கொட்டகையில் குஞ்சு இறங்கும்போது தரையில் பரப்புவது உமியோ, தேங்காய் நார்க்கழிவோ, கடலைத் தோலோ, மரத்தூளோதான். ஆறு வாரம் கழித்து அள்ளும்போது அதில் உலர்ந்த எச்சம், உதிர்ந்த இறகு, தோல் செதில், சிந்திய தீவனம், பூஞ்சண வித்து, பாக்டீரியா எல்லாம் கலந்திருக்கும். செத்துப்போன பாக்டீரியாக்களின் செல்சுவரிலிருந்து வெளிப்படும் உள்நச்சு என்னும் பொருள் அதில் மிகவும் முக்கியமானது. கிருமி உயிரோடு இல்லாவிட்டாலும் நுரையீரலை எரிச்சலூட்டி இரவுக் காய்ச்சலைக் கொண்டுவருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கொட்டகைக்குக் கிருமிநாசினி அடித்துவிட்டோம் என்பதால் தூசி பாதுகாப்பானதாகிவிடாது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் புழுதியைவிடத் தெரியாத புழுதியே அதிகம் கெடுதல் செய்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் கொண்டது. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்துவிடும். 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள்தான் காற்றுப்பைகள் வரை இறங்குகின்றன, அவை காற்றில் நீண்ட நேரம் மிதந்துகொண்டே இருக்கும். புழுதி அடங்கிவிட்டது என்று முகத்துண்டை அவிழ்த்து, அதே கொட்டகையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற நேரத்திலும் அவை உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

அடுத்தது அம்மோனியா. கோழி எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தைப் பாக்டீரியா சிதைக்கும்போது அது உண்டாகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதிகமாகிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிவது அதனால்தான். பத்து லட்சம் பங்கு காற்றில் அம்மோனியா 25 பங்கைத் தாண்டினால் கோழிக்குக் கண் சிவக்கும், தீவனம் எடுப்பது குறையும், மூச்சுக்குழல் நோய்க்கு எளிதாக ஆளாகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் கற்றுத் தந்தார்கள். நானும் ஒவ்வொரு பண்ணையிலும் அதைச் சொல்லி, படுதாவை ஏற்றிக் கட்டுங்கள், கூளத்தைக் கிளறிவிடுங்கள், குடிநீர்க் குழாய் ஒழுகாமல் பாருங்கள் என்று ஆண்டுக்கணக்கில் அறிவுரை சொன்னேன். அதே 25 பங்கைத்தான் எட்டு மணி நேர வேலைக்கு மனிதன் தாங்கக்கூடிய வரம்பு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எழுதி வைத்திருந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். கோழிக்காகப் படுதாவைத் தூக்கச் சொன்ன என் வாயில், உள்ளே மண்வெட்டியோடு நின்ற பெண்ணுக்காக ஒரு வார்த்தை வந்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மூக்கைக் கொண்டு அம்மோனியாவை அளந்துவிடலாம் என்று நம்புவதும் ஆபத்து. நுழைந்த சிறிது நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகி, அளவு குறையாமலே குறைந்தது போல் காட்டும். கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்காமலிருக்கப் படுதாவை இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். மார்கழிக் குளிரில் குஞ்சு நடுங்கக்கூடாதென்று இரவெல்லாம் மூடி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் விடியற்காலையில் முதலில் உள்ளே போகிறவர் இரவு முழுவதும் சேர்ந்த வாயுவை ஒரே மூச்சில் வாங்குகிறார். பல பண்ணைகளில் வேலைக்காரக் குடும்பம் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையிலேயே குழந்தைகளோடு தங்கியிருக்கிறது என்பதையும் தாங்கள் கருத வேண்டும்.

மாட்டுக் கொட்டகையின் ஆபத்து வேறு வகை. நம் மாவட்டத்து மழையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வைக்கோல்போர் நனைந்து, உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. அந்த வைக்கோலைப் பிரித்து உதறும்போது வெள்ளைப் புகை போல் எழுவது வெறும் தூசியன்று. வெப்பத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் அதில் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் அழற்சி கொள்கிறது. விவசாயி நுரையீரல் நோய் என்று உலகெங்கும் அறியப்பட்டது இதுதான். இரவுக் காய்ச்சல் போல் இது வந்து போய்விடாது; வைக்கோலைத் தொடும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்து, கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து நிலைத்துவிடும். கோழி, புறா எச்சத்தின் புரதத்தாலும் இதே போன்ற அழற்சி வரும். பூஞ்சணம் பிடித்த கரும்புச் சக்கையாலும் வரும் என்பதை, ஆலைக்கரும்பு விளையும் நம் மாவட்டத்தில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாணமும் கோமியமும் வடியும் மூடிய குழிகளையும், சாண எரிவாயுக் கலத்தின் கழிவுத் தொட்டிகளையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் உடனடியாக உயிரைப் பறிப்பது இதுதான். அடியில் தேங்கிய கழிவைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படுகிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. அதற்கும் மேலே போனால் சில மூச்சுகளில் ஆள் சாய்ந்துவிடுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதே வாயு நிற்கும் சாணக்குழி அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. குழிக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கக்கூடாது, வெளியே நின்று மோட்டார் வைத்தே இறைக்க வேண்டும் என்று ஊராட்சி தோறும் தாங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டால், அதற்குத் தனிச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்த பின் செய்யும் கிருமிநீக்கமும் கவனத்துக்குரியது. ஃபார்மலினைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு சேர்த்துப் புகை மூட்டுவது பண்ணைகளில் நெடுநாள் வழக்கம். அந்தப் புகையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை மூட்டிவிட்டு, மறுநாள் கொட்டகையைத் திறந்து உள்ளே போய்ப் படுதா அவிழ்க்கிறவர் வெறும் துண்டோடுதான் போகிறார். எச்சமும் அம்மோனியா வாடையும் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடர் தூவினால் குளோரமைன் என்ற எரிச்சலூட்டும் வாயு எழும் என்பதும் பலருக்குத் தெரியாது. முதலில் கூளத்தை முழுதாக அப்புறப்படுத்திக் கழுவி, அதன் பிறகே பிளீச்சிங் பவுடரைத் தொட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் செலவு பிடிக்கும் மாற்று ஒன்றும் வேண்டாம். என் அனுபவத்தில் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. கோழிகளை ஏற்றியனுப்பிய மறுநாள், அள்ளுவதற்கு முன்பே, கூளத்தின் மேல் பனித்தூறலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். சேறாகவும் கூடாது, புழுதியாகவும் கூடாது. கையில் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிர வேண்டும். கூளத்தின் ஈரத்தைப் பார்க்கப் பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே செய்யும் சோதனைதான் இது, புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் கம்பி வலையிலும் கூரைச் சட்டத்திலும் படிந்திருக்கும் தூசியை நனைக்க வேண்டும், ஏனென்றால் கீழே அள்ளும்போது மேலிருந்து கொட்டுவதுதான் நேராக முகத்தில் விழுகிறது. தெளிப்பதற்கு வயலில் பூச்சிமருந்து அடிக்கும் தெளிப்பானை எடுத்து வந்துவிடக்கூடாது. தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த தரையை விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. எடுத்த எடுப்பில் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தைப் பயன்படுத்துவதும் தவறு, அது தரையில் ஒட்டியிருக்கும் நச்சை நுண்திவலையாக்கி மூச்சில் கொண்டுவந்து சேர்க்கிறது. முதலில் ஊற வைத்து, மண்வெட்டியால் சுரண்டி, அதன் பிறகு குறைந்த அழுத்தத்தில் கழுவினால் போதும்.

காற்றைப் பற்றி இந்தப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. களத்தில் நெல் தூற்றும்போது பதர் தன் முகத்தில் படாதபடி காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிற்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கொட்டகைக்குள் அந்த அறிவுக்கு இடமில்லாமல் போவது, இரண்டு பக்கமும் படுதா கட்டியிருப்பதாலும், ஒரே நேரத்தில் எல்லோரும் எதிரெதிரே நின்று அள்ளுவதாலும்தான். படுதா முழுவதையும் ஏற்றிக் கட்டி, காற்று வரும் பக்கத்தில் தொடங்கி, காற்றை முதுகில் வாங்கி நின்று, எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்து போனால் புழுதி முன்னால் போய்விடும். காற்று நின்றுபோன காலை வேளையில் முதுகுப்புறம் ஒரு பெரிய மின்விசிறியை வைக்கலாம். கோழிக்கு வெப்பம் தாங்காது என்று பெரும்பாலான பண்ணைகளில் விசிறி ஏற்கெனவே இருக்கிறது.

முகக்கவசம் கடைசியாக வருவது, ஆனால் தவிர்க்க முடியாதது. முந்தானையும் துண்டும் பெரிய தூசியைத் தடுக்கும், காற்றுப்பை வரை போகும் தூசியைத் தடுக்காது. அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் மெல்லிய நீலக் கவசமும் ஓரங்களில் இடைவெளி விடுவதால் இதற்குப் போதாது. என்95 வகையோ, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 9473ஆம் எண் தரத்தில் எஃப்எஃப்பி2 என்று குறிக்கப்பட்ட வகையோ வேண்டும். அது முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். கொட்டகை ஆணியிலேயே மாட்டி வைத்தால் உட்புறமும் தூசி படிந்து பயனற்றுப் போகும். இவ்வளவும் செய்தாலும் அது தூசிக்கு மட்டுமே, அம்மோனியாவைத் தடுக்காது. வாடை கடுமையாக இருக்கும் இடத்தில் அம்மோனியாவுக்கென்றே பச்சை அடையாளத்தோடு வரும் வடிகட்டி பொருத்திய ரப்பர் கவசம் வேண்டும், அது இல்லையென்றால் கொட்டகையை நன்கு காற்றாட விட்டபின்தான் நுழைய வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே கவசத்தைக் கட்டிக்கொண்டு தொடர்ந்து மண்வெட்டி போட முடியாது என்பதை நான் அறிவேன். அரை மணிக்கொரு முறை வெளியே வந்து நிழலில் கவசத்தைக் கழற்றி மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் நேரம் தர வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி கொடுக்கும் வரை அந்த ஓய்வு யாருக்கும் கிடைக்காது. ஆகவே கொட்டகை சுத்தத்துக்கு நாள் கூலி என்பதை நுரையீரல் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன், இதில் மாற்றுக் கருத்து உடையவர்கள் ஒரு நாள் அந்த வேலையை உடனிருந்து பார்க்க வேண்டுகிறேன்.

பண்ணைக்காரர்களை மட்டும் குறை சொல்லி இந்த மடலை எழுதவில்லை. நம் பகுதிக் கறிக்கோழிப் பண்ணைகள் பலவற்றில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் உழைப்பும் மட்டுமே பண்ணைக்காரருடையவை. வளர்ப்புக்கூலி எடைக்குத் தக்கபடி வருகிறது, கொட்டகையைத் தயார் செய்யும் செலவு அவர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு பேட்சுக்கும் கணக்காகத் தடுப்பூசியும் வைட்டமினும் அனுப்பி வைக்கிற நிறுவனம், அதே வண்டியில் சுத்தம் செய்கிறவர்களுக்கான கவசங்களையும் அனுப்புவது கடினமன்று. ஒரு கவசத்தின் விலை சில பத்து ரூபாய்தான்.

சட்டத்தைப் பார்த்தால் இந்தத் தொழிலாளர்கள் ஓர் இடைவெளியில் நிற்கிறார்கள். கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலைக்குள் அம்மோனியாவோடு வேலை செய்கிறவருக்கு வரம்பும் ஆய்வாளரும் பதிவேடும் உண்டு. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களையே கருதுகிறது. நான் கண்ட கொட்டகை எதிலும் ஒரு நேரத்தில் பத்துப் பேர் வேலை செய்ததில்லை. விவசாயத்தில் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு நம் நாடு இன்னும் ஏற்பு அளிக்கவில்லை. ஆனால் கரிமத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் ஒவ்வாமை அழற்சி, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே எழுதப்பட்டிருந்தது. நோயை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த நோய் வந்தவரின் சீட்டில் ‘கூலி’ என்று எழுதிவிட்டால் ஒப்புக்கொண்டதால் அவருக்கு என்ன கிடைக்கும்? இந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊரின் எந்தத் தெருவுக்குப் போய் அழைக்கிறார்கள் என்பதும், அங்கும் ஆள் குறைந்தபோது வெளி மாநிலக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதும் மாவட்ட நிர்வாகம் அறியாததல்ல. கேள்வி கேட்க முடியாதவர்களிடமே இந்த வேலை போய்ச் சேர்கிறது. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் பலமுறை துறை சார்பில் உட்கார்ந்திருக்கிறேன். கொட்டகை கூட்டுகிறவர் ஒருவர் எழுந்து பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது, ஏற்கெனவே இருக்கும் வழிகளிலேயே இதையும் சேர்த்து நடத்துங்கள் என்பதுதான். கோமாரித் தடுப்பூசிக்காக எங்கள் துறை ஆறு மாதத்துக்கொரு முறை ஊர் ஊராக, கொட்டகை கொட்டகையாகப் போகிறது. ஒவ்வொரு மாட்டின் காதிலும் 12 இலக்க எண் கொண்ட வில்லை இருக்கிறது, அந்த எண்ணில் எந்த ஊசி எப்போது போட்டது என்ற விவரம் பதிவாகிறது. அந்த மாட்டின் கீழே சாணம் வழிக்கிறவரைப் பற்றி அரசிடம் ஒரு வரி கூட இல்லை. தடுப்பூசிக் குழு போகும்போதே கொட்டகையில் காற்றோட்டம் எப்படி, மூடிய குழி இருக்கிறதா, சுத்தம் செய்கிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு இருமலோ இளைப்போ இருக்கிறது என்று நான்கு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து, அந்தப் பட்டியலை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்தால் போதும். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முப்பத்தோரு ஆண்டு அந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

மருத்துவத் துறையில் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போகிறார்கள். அவர்களின் படிவத்தில் ‘கொட்டகை, எரு, வைக்கோல் வேலை உண்டா’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து, உண்டு என்கிறவர்களில் மூச்சு வாங்குகிறவர்களை ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனைக்கு வட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே சந்தேகம் தீராதவர்களைச் சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, நம் மக்கள் எப்படியும் போகும் புதுச்சேரி ஜிப்மருக்கோ, தொழில் விவரம் தெளிவாக எழுதிய கடிதத்தோடு அனுப்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டில் ‘கூலி’ என்று எழுதுவதோடு நிற்காமல், எந்த வேலைக் கூலி என்று எழுதச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பெரிய மாற்றம் வரும். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

பயிற்சிக்கு நம்மிடம் இடம் இருக்கிறது. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், கடலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, கறவை மாடு வளர்ப்புப் பயிற்சிகள் நடக்கின்றன. அவற்றில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும், பண்ணை வைப்பவரோடு பண்ணையில் வேலை செய்கிறவரையும் அழைத்து, அன்றைய கூலி கொடுத்து உட்கார வைக்க வேண்டும். கூலி இழந்து யாரும் பயிற்சிக்கு வர மாட்டார்கள். அரசு மானியத்தில் கொட்டகை கட்டித் தரும்போதும் பக்கவாட்டுத் திறப்பு இவ்வளவு, கூரை உச்சியில் காற்றுப்போக்கி ஒன்று, கைகால் கழுவி உடை மாற்ற ஒரு மறைவிடம் என்று வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால், அது இல்லாத கொட்டகைக்கு இறுதித் தொகை விடுவிக்காமல் நிறுத்த முடியும். உடை மாற்றுவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், எரு படிந்த சேலையோடு வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையைத் தூக்குகிற தாயை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் மேலே குறிப்பிட்ட அந்த அம்மா இப்போது எரு அள்ளப் போவதில்லை, போக முடியாது. அவருடைய மகள் போகிறார். வரும் தடுப்பூசிச் சுற்றில் இந்த நான்கு கேள்விகளைச் சோதித்துப் பார்க்க ஒரே ஓர் ஊராட்சியையாவது தாங்கள் தேர்ந்தெடுத்தால், ஊதியம் எதுவும் வேண்டாமல் குழுவோடு வீடு வீடாக நடக்க நான் வருகிறேன். எந்தத் தெருவில் எந்தக் கொட்டகை, எந்த மாதத்தில் எது காலியாகும், யார் உள்ளே இறங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
விருத்தாசலம் வட்டம், கடலூர் மாவட்டம்.